எட்டு நட்டு

"பின்சக்கரத்தின் நடுவில் எத்தனை நட்டு இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள்" என்றார் பெரியவர். எண்ணினேன். எட்டு. அடுத்த வண்டியில் ஆறு. மூன்றாவதில் மறுபடியும் எட்டு. முதலாவதும் மூன்றாவதும் ஒரே மாடல், நடுவில் நிற்பது வேறு என்று சட்டென்று சொல்லிவிட்டேன். முதல் பெஞ்சுப் பையனின் அவசரம் எழுபது வயதிலும் என்னை விடவில்லை. பெரியவர் என் மாப்பிள்ளையைப் பார்த்துக் கண் சிமிட்டினார். விடை தப்பு என்பதற்கு அந்த ஊரிலும் அதுதான் ஜாடை.

மிச்சிகனில் மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தபோது நடந்தது இது. மாப்பிள்ளைக்கு டெட்ராய்ட்டில் கார்க் கம்பெனி வேலை. அவரோடு வேலை பார்க்கிறவரின் மாமனார் கிராமத்தில் மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறவர். கொட்டகையில் மூன்று பழைய டிராக்டர் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன். நயாகராவுக்குப் போன அன்றுகூட அப்பா இவ்வளவு சீக்கிரம் சட்டை மாற்றவில்லை என்று மகள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஒரு வங்கியின் விவசாயக் கடன் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். டிராக்டர் கடன் கொடுத்தால் வண்டியை நேரில் பார்த்து என்ஜின் எண்ணையும் சாசி எண்ணையும் பதிவுசெய்ய வேண்டும். எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால், கறுப்புக்கு நடுவே எண் வெள்ளையாக எழும்பி வரும். அந்தத் தாளைக் கோப்பில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒருமுறை ஒரே வண்டி இரண்டு ஊரில், இரண்டு பெயரில், இரண்டு கடன் வாங்கிவிட்டது. பானட்டில் ஸ்டிக்கர் மட்டும் மாறியிருந்தது. அன்று அவசரத்தில் நான் பென்சிலை எடுக்கவில்லை. விசாரணை, விளக்கக் கடிதம், ஒரு வருஷம் பதவி உயர்வு தள்ளிப்போனது எல்லாம் முடிந்தபிறகு, பெயரை நம்புவதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் நம்பத் தொடங்கினேன்.

இந்தப் புத்தி எனக்குப் புதிதும் இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் சித்தப்பா மாட்டுச் சந்தைக்கு என்னைக் கூட்டிப்போவார். கொம்பைச் சீவி, உடம்பில் எண்ணெய் தடவி, கிழட்டு மாட்டை இளவட்டமாக்கிக் கொண்டுவந்து நிறுத்துபவர்கள் அங்கே உண்டு. சித்தப்பா கொம்பைப் பார்க்கமாட்டார், திமிலைத் தட்டிப் பார்க்கமாட்டார். நேரே வாயைப் பிளப்பார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைமுளைப்பு. "மத்ததெல்லாம் வேஷம்டா தம்பி, பல்லு மட்டும் பொய் சொல்லாது" என்பார். டிராக்டருக்குச் சாசி எண்ணைப் பல்லாக எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அமெரிக்கக் கொட்டகையில் நின்ற மூன்றும் ஃபோர்டு வண்டிகள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வயிற்றில் பிறந்தவை. தாழ்ந்த முதுகு, நீண்ட மூக்கு, முன்னால் இரண்டு சிறிய சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம், நடுவில் தட்டுப்போல ஓர் இரும்பு இருக்கை. 1939 முதல் 1952 வரை ஃபோர்டு இந்த உருவத்தில் மூன்று மாடல் விட்டது: 9-என், 2-என், 8-என். பெயரில் உள்ள எண், மாடல் ஆண்டின் கடைசி இலக்கம். 1939, 1942, 1948. 'என்' என்பது டிராக்டருக்கு ஃபோர்டு கம்பெனி வைத்துக்கொண்ட குறியெழுத்து. தமிழ்க் காதுக்கு அது வேறுமாதிரி கேட்கிறது. பெரியவர் ஒவ்வொரு வண்டியாகத் தொட்டு "என், என்" என்று சொல்லிக்கொண்டு போனபோது, சொத்துக்குப் பட்டா வாசிக்கிறார் என்றே எனக்குப் பட்டது.

அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் டியர்போர்ன். ஹென்றி ஃபோர்டின் ஃபேர் லேன் மாளிகை அங்கேதான். 1938 அக்டோபரில் ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் தன் சிறிய டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து அந்த வளாகத்தில் உழுது காட்டினார். ஃபெர்குசன் 1909-ஆம் ஆண்டின் கடைசி நாளில் தானே செய்த விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதலில் பறந்தவர் என்று பெயர் வாங்கியவர். பிடிவாதக்காரர். அன்று அவர் காட்டியது வண்டியை அல்ல என்றுகூடச் சொல்லலாம். வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் இருந்த மூன்று கம்பிகளைத்தான் காட்டினார். கீழே இரண்டு, மேலே ஒன்று.

நம்மூரில் டாப் லிங்க் என்றால் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டும்போது கடைசியாக ஊசி செருகுவது அதற்குத்தான். அந்தக் கம்பி இல்லாத காலத்தில் டிராக்டர் கலப்பையை வண்டிமாடு மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டு போனது. கொழு பாறையிலோ வேரிலோ மாட்டினால், சக்கரம் சுழன்று முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுபவன்மேலேயே மல்லாந்து விழும். ஃபெர்குசனின் ஏற்பாட்டில் கொழு கடினமான மண்ணைத் தொட்டதும் மேல்கம்பி வண்டியை நோக்கி முன்னால் தள்ளும். அந்தத் தள்ளல் ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் ஹைட்ராலிக் வால்வைத் திறக்கும். கலப்பை ஒரு விரற்கடை மேலே எழும், மண் இளகியதும் இறங்கிக்கொள்ளும். கலப்பையின் பாரமும் மண் இழுக்கிற பாரமும் பின்சக்கரத்தின்மேல் வந்து உட்காரும். அதனால் ஒரு டன்னுக்குச் சற்றே கூடுதலான சின்ன வண்டி, தன்னைவிடப் பெரிய வண்டிகளின் வேலையைச் செய்தது.

ஃபோர்டு பார்த்தார், கை குலுக்கினார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. ஃபோர்டு தயாரிப்பார், ஃபெர்குசன் விற்பார். 1939 ஜூன் மாதம் 9-என் வெளியே வந்தது. விலை 585 டாலர். முதல் சில நூறு வண்டிகளுக்குத் தகரம் அடிக்கும் அச்சு தயாராகாமல் வார்ப்பு அலுமினியத்தில் பானட் போட்டார்கள். அந்த வண்டி கையில் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் வீட்டை அடகு வைக்கிறார்கள். அலுமினியமா என்று பார்க்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம், சட்டைப்பையில் ஒரு காந்தம் போதும்.

நடுவில் நின்ற ஆறு நட்டு வண்டியின்மேல் பெரியவர் என்னை ஏற்றி உட்காரவைத்தார். "காலைப் பாருங்கள்" என்றார். இடது காலுக்கு இரண்டு மிதி: கிளட்சும் இடச்சக்கரத்துப் பிரேக்கும். வலது காலுக்கு ஒன்று: வலச்சக்கரத்துப் பிரேக். வயலின் ஓரத்தில் இடப்பக்கம் சட்டென்று திரும்ப இடது பிரேக்கை மிதிக்க வேண்டும். அதே நேரத்தில் கிளட்சும் வேண்டுமென்றால் அந்த ஒரே காலைத்தான் நம்ப வேண்டும். உட்கார்ந்து பார்த்ததும் இடுப்புக்குப் புரிந்தது. எட்டு நட்டு வண்டியில் ஏறினால் இடது காலுக்குக் கிளட்சு மட்டும், பிரேக் இரண்டும் வலப்பக்கம் பக்கத்தில் பக்கத்தில். கண்ணை மூடிக்கொண்டு ஏறினாலும் எந்த மாடல் என்று கால் சொல்லிவிடும். கியர் கம்பியையும் அசைத்துப் பார்க்கலாம்: 9-என், 2-என் இரண்டிலும் முன்னோக்கி மூன்று கியர், 8-என்னில் நான்கு.

சரி, 9-என்னையும் 2-என்னையும் எப்படிப் பிரிப்பது? இங்கேதான் என் வங்கிப் புத்தி முதல் அடி வாங்கியது.

எண் எங்கே என்று கேட்டேன். என்ஜின் பிளாக்கின் இடப்பக்கம், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே, ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் விரலை வைத்தார். பெயின்ட்டும் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து மேடாகியிருந்த இடம். கம்பி பிரஷ் போட்டுத் துடைத்ததும் தெரிந்தது: முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி, நடுவில் 9-என் என்று தொடங்கி ஓர் எண். "அப்போ இது 9-என்" என்றேன். "இல்லை, 2-என்" என்றார்.

2-என் வண்டிகள் ஒன்றின்மேலும் 2-என் என்று கம்பெனி எண் அடிக்கவே இல்லை. யுத்தம் வந்தது. ரப்பர் கிடைக்கவில்லை, செம்பு கிடைக்கவில்லை. இரும்புச் சக்கரம் போட்டு, பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு, மாக்னெட்டோ வைத்துக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்பும் வண்டியாக விட்டார்கள். அதற்கு 2-என் என்று பெயர். அரசாங்கம் விலைக்குக் கட்டுப்பாடு போட்டிருந்ததால், புது மாடல் என்று சொன்னால்தான் விலையை ஏற்ற முடியும், அதற்காகவே பெயரை மாற்றினார்கள் என்றும் சொல்வார்கள். கொஞ்ச நாளில் ரப்பரும் பேட்டரியும் திரும்பி வந்துவிட்டன, வண்டி பழைய உருவத்துக்கு வந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எண் வரிசை எந்த மாற்றமும் இல்லாமல் 9-என் என்றே 1947 வரை ஓடியது. ஆகவே எண்ணை வாசித்தால் போதாது, அது எந்த ஆண்டில் விழுகிறது என்று அட்டவணையில் பார்க்க வேண்டும். பல் பொய் சொல்லவில்லை, வேறு பாஷையில் பேசியிருக்கிறது.

8-என்னுக்கு வருவோம். கைகுலுக்கல் 1946 இறுதியில் முறிந்தது. மூத்த ஹென்றி ஃபோர்டுக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு டிராக்டரிலும் கம்பெனிக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்த்த பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, இனி நாங்களே விற்றுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். 1947 ஏப்ரலில் தாத்தா காலமானார். ஜூலையில் 8-என் வந்தது. பழைய வண்டியின் முகத்தில் நீல முட்டைக்குள் ஃபோர்டு என்றும், அதற்குக் கீழே 'ஃபெர்குசன் சிஸ்டம்' என்றும் இரண்டு சின்னம் இருக்கும். புதியதில் கீழ்ச் சின்னம் இல்லை. பதிலுக்கு பானட்டின் பக்கவாட்டிலும் மட்கார்டிலும் ஃபோர்டு என்று தகரத்திலேயே புடைத்து எழுதிவிட்டார்கள். முழுக்கக் கருஞ்சாம்பலாக இருந்த உடம்பு, மேலே வெளிர் சாம்பல், கீழே என்ஜினும் கியர்பாக்ஸும் சிவப்பு என்று மாறியது. எட்டு நட்டு, நான்கு கியர், வலப்பக்கம் இரட்டைப் பிரேக், காலை வைக்க மிதிபலகை, இருக்கைக்குக் கீழே வலப்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல். அந்த நெம்புகோலைத் திருப்பினால் மண்ணின் இழுப்பைக் கணக்கில் எடுக்காமல் கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்தி வைக்கலாம்.

பங்காளிச் சண்டையில் வீட்டை நடுவே சுவர் எழுப்பிப் பிரிப்பார்களே, அந்தச் சுவரைத்தான் நாம் இப்போது அடையாளக் குறி என்கிறோம். விரும்பிச் செய்த மாற்றம் எது, நாங்கள் வேறு என்று காட்டச் செய்த மாற்றம் எது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் கலந்து கிடக்கின்றன. பிரேக்கை ஒரே பக்கம் கொண்டுவந்தது ஓட்டுபவனின் இடுப்புக்காக. சிவப்பு வயிறு யாருக்காக?

ஃபெர்குசன் சும்மா இருப்பாரா? 251 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952 ஏப்ரலில் 9.25 மில்லியனுக்கு முடிந்தது. பணத்தைவிட முக்கியமான ஷரத்து ஒன்று: ஃபெர்குசனின் ஹைட்ராலிக் ஏற்பாட்டை அப்படியே போடுவதை அந்த ஆண்டோடு ஃபோர்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால்தான் அடுத்து வந்த என்ஏஏ வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் பின்பக்க வயிற்றிலிருந்து இடம் மாறி என்ஜினோடு போய்ச் சேர்ந்தது. பம்ப் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவன், தெரிந்தோ தெரியாமலோ ஒரு கோர்ட் தீர்ப்பை வாசிக்கிறான். என்ஏஏ-வுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. 1953 வண்டியின் நெற்றியில் பொன்விழா என்று 1903-1953 பொறித்த வட்டச் சின்னம் இருக்கும். அடுத்த ஆண்டு விழா முடிந்துவிட்டதால் அந்த எழுத்து போய்விட்டது. கல்யாண வீட்டில் மறுநாள் வாழைமரத்தைப் பிடுங்குவதுபோல.

8-என்னில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றார்கள். அதிலேயே பழசு, புதுசு என்று இரண்டு ஜாதி. பழசில் டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் முன்மூக்கில், ரேடியேட்டர் விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். தலையில் சதுரமான ஒரு காயில், சோப்புக் கட்டி மாதிரி. பாயின்ட் மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும். எத்தனை பேர் வயலில் நின்று திட்டினார்களோ, 1950-இல் அதை என்ஜினின் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி வைத்தார்கள். உதிரிபாகக் கடையில் முதலில் கேட்கிற கேள்வியே "முன்னாலயா, பக்கத்துலயா?" என்பதுதானாம்.

இனி மூன்றாவது வண்டி. எட்டு நட்டு, நான்கு கியர், வலப்பக்கம் இரண்டு பிரேக், பானட்டில் புடைத்த எழுத்து. முதல் வண்டியின் மாடல்தான் என்று நான் அடித்துச் சொன்னது இதைத்தான். பெரியவர் பதில் பேசாமல் கம்பி பிரஷை என் கையில் கொடுத்தார். ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் தேய்த்தேன். நட்சத்திரம். 9-என்.

என்ஜின் ஒரு வண்டி, பின்பாதி வேறு வண்டி. இந்த டிராக்டர்களுக்குச் சாசி என்று தனியாக எதுவும் கிடையாது. என்ஜின் ஒரு வார்ப்பு, கியர்பாக்ஸ் ஒரு வார்ப்பு, பின் அச்சு ஒரு வார்ப்பு; மூன்றையும் போல்ட் போட்டு முடுக்கினால் அதுவே முதுகெலும்பு. போல்ட்டைக் கழற்றி முன்பாதியை உருட்டிவிட்டால், இன்னொரு வண்டியின் பின்பாதியை அதே துளைகளில் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். பெரியவரின் தகப்பனார் யுத்தகாலத்தில் வாங்கியது 2-என். பல வருஷம் உழைத்தபின் கியர்பாக்ஸ் போய்விட்டது. பழைய இரும்புக் கடையில் என்ஜின் வெடித்த ஒரு 8-என் கிடந்தது. அதன் பின்பாதியை வாங்கிவந்து ஒரு குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்த்திருக்கிறார்கள். பானட் அதற்கும் பிறகு, மரக்கிளை விழுந்து பழையது நசுங்கியபோது.

"அப்படியானால் இது என்ன மாடல்?" என்று கேட்டேன்.

"அப்பாவுடையது" என்றார். அந்தப் பதிலை எந்தக் கோப்பில் ஒட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் இதில் யாருக்கும் குழப்பம் வராது. திருவாரூர் ஆழித்தேருக்கு பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். வேறு தேர் வந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் தேருக்குக் கடன் கொடுப்பதில்லையே. விற்பதும் இல்லை. விலை என்று வந்துவிட்டால் கேள்வி மாறிவிடுகிறது. சாம்பல்-சிவப்பு வண்டிக்குக் கூடுதல் விலை போவதால், முழுச் சாம்பல் வண்டிக்கு வயிற்றில் சிவப்பு அடித்து 8-என் என்று தள்ளிவிடுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்களாம். கொம்பு சீவுகிற தொழில் உலகம் முழுவதும் ஒன்றுதான். பளபளவென்று புதுப்பித்துக் கண்காட்சியில் நிறுத்திய டிராக்டர்களையும் பிறகு பார்த்தேன். மணிக்கணக்காகத் துடைத்திருந்தார்கள். எனக்கு என்னவோ அவை கல்யாண ஆல்பத்துப் படம் மாதிரி இருந்தன. பெரியவரின் ஒட்டுப்போட்ட வண்டி எனக்குப் பிடித்த அளவுக்கு அவற்றில் ஒன்றும் பிடிக்கவில்லை.

கொட்டகையில் இல்லாத நாலாவது உடன்பிறப்பு ஒன்று உண்டு. ஃபோர்டோடு முறிவதற்கு முன்பே, 1946-இல், ஃபெர்குசன் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியைக் கொண்டு டிஇ-20 என்ற வண்டியைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தார். டி டிராக்டர், இ இங்கிலாந்து. இதுவும் சாம்பல், இதுவும் அதே உருவம். 9-என்னையும் இதையும் பத்தடி தூரத்தில் வைத்துப் பார்த்தால் கம்பெனிக்காரனே தடுமாறுவான். கிட்டத்தில் போனால் சந்தேகம் தீரும்: இதன் பானட் மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். வால்வுகள் என்ஜினின் தலையில் இருக்கும். ஃபோர்டில் அவை பக்கவாட்டில். எனக்கு மிகவும் பிடித்தது இதன் ஸ்டார்ட்டர். தனிப் பொத்தான் கிடையாது. கியர் கம்பியையே எஸ் என்ற இடத்துக்குத் தள்ளினால் என்ஜின் சுற்றும். கியரில் கிடக்கும் வண்டி துள்ளிப் பாய்ந்து ஆளைக் கொல்ல வழியே இல்லை.

1956 வரை 5,17,651 வண்டி செய்தார்கள். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தைத் தொட்டது ரப்பர்ப் பட்டை மாட்டிய இந்த வண்டிகளில்தான். உழுகிற வண்டியில் துருவம் போனவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் ஒருசேர வரும்.

இதன் உட்பிரிவு முழுக்க எழுத்து விளையாட்டு. முதலில் வந்தவற்றில் அமெரிக்காவிலிருந்து இறக்கிய காண்டினென்டல் என்ஜின். அது வெறும் டிஇ. ஸ்டாண்டர்டின் சொந்தப் பெட்ரோல் என்ஜின் வந்ததும் டிஇஏ. சென்னையில் பூட்டி விற்ற ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரை ஞாபகம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்தக் காரின் என்ஜினும் இந்த டிராக்டர் என்ஜினும் ஒரே குடும்பம். பெட்ரோலில் கிளப்பிச் சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வண்டி டிஇடி. நம்மூர்ப் பழைய மண்ணெண்ணெய்ப் பம்ப்செட் ஓட்டியவர்களுக்கு அந்த இரட்டை டேங்க்கும் குழாயைத் திருப்புகிற பக்குவமும் கைவந்த கலை. டீசல் என்றால் டிஇஎஃப். டெட்ராய்ட்டில் செய்தது டிஓ. ஓ என்றால் கடல் கடந்தது. எந்தக் கடலை, எந்தக் கரையில் நின்று என்று கேட்டால் பதில் இங்கிலாந்திலிருந்துதான். பெட்ரோல் வண்டிக்கு பெர்கின்ஸ் டீசல் என்ஜின் வாங்கி மாற்றிப் போட்டவர்கள் ஏராளம். அந்த வண்டிகளில் தகட்டின் எழுத்து ஒன்று சொல்லும், புகை வேறொன்று சொல்லும்.

ஃபெர்குசன் 1953-இல் கனடாவின் மாசி-ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தார். 1956-இல் வந்த எஃப்இ-35 மேலே சாம்பல், கீழே பொன்னிறம். ஒரு வருஷம்தான். 1957 இறுதியில் பெயர் மாசி ஃபெர்குசன் ஆனதும் பானட் சிவப்பாகிவிட்டது. இரண்டு குடும்பத்து நிறமும் ஒரே வண்டியில், மேலே மாசியின் சிவப்பு, கீழே ஃபெர்குசனின் சாம்பல். டீசல் 35-இல் முதலில் நான்கு சிலிண்டர், குளிரில் கிளம்ப மறுக்கும் என்று கெட்ட பெயர் வாங்கியது. 1959-இல் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் வந்தது. இன்ஜெக்டரை எண்ணினால் எது என்று தெரிந்துவிடும். 1960-இல் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கியது. இன்றைக்கும் தஞ்சாவூர் வரப்பில் ஓடுகிற 1035 அந்த 35-இன் வம்சம்தான். மாசி ஃபெர்குசன் என்ற பெயர் இந்தியாவில் யாருக்குச் சொந்தம் என்று டாஃபேக்கும் அமெரிக்காவின் ஏஜிசிஓ-வுக்கும் நடந்த தாவா 2025-இல்தான் தீர்ந்தது. கைகுலுக்கலில் ஆரம்பித்தது எண்பத்தேழு வருஷம் கழித்தும் கோர்ட் வாசலிலேயே நின்றிருக்கிறது.

சித்தப்பாவிடம் இருந்தது சிவப்பு மாசி. இரண்டாம் கையாக வாங்கியது. "இங்கிலாந்து வண்டிடா, மெட்ராஸ் வண்டி இல்ல" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் நம்பவில்லை. மிச்சிகனிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக ஊருக்குப் போனேன். வண்டி கொட்டகையில்தான் நிற்கிறது. சித்தப்பா மகன் தண்ணீர் டேங்கர் இழுக்க எப்போதாவது எடுக்கிறான். இன்ஜெக்டரை எண்ணினேன். மூன்று. 1959-க்குப் பிந்தைய இங்கிலாந்து வண்டியும் மூன்று, மெட்ராஸ் வண்டியும் மூன்று. டேஷ்போர்டில் எண் தகடு இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தேன். ரிவெட் துளைகளில் பட்டி அடைத்து, மேலே பெயின்ட் அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. "பத்து வருஷத்துக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சப்போ பட்டறைக்காரர் கழட்டினார் அண்ணே, திரும்ப மாட்டல. துருப்பிடிச்ச தகரம்தானேன்னு நானும் கேக்கல" என்றான். என்ஜினில் எண் இருந்தது, ஆனால் என்ஜின் ஒருமுறை மாற்றியது என்பது எனக்கே தெரியும். அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் தாத்தா காலத்து டிராக்டர் ஒன்று நிற்கலாம். அதைப் பெயின்ட் அடிக்கப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்னால், தயவுசெய்து ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய், தகட்டில் இருப்பதையும் என்ஜினில் இருப்பதையும் தேய்த்து எடுத்து, தேதி போட்டு, எந்தப் பாகத்தை எப்போது யார் மாற்றினார்கள் என்று தெரிந்தவரையில் பின்பக்கத்தில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.